2 டிபி பென் டிரைவ் 499 ரூபாய்க்குக் கிடைக்குமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், பணம் போடுவதற்கு முன்னால் கேட்டவை. எனக்கு அதில் பெரிய நிம்மதி. வாங்கி ஏமாந்த பிறகு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதுதான் கஷ்டம்.

ஆன்லைனில் 2 டிபி பென் டிரைவ் 499 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். நான்கு ஸ்டார், ஏகப்பட்ட மதிப்புரைகள். குழந்தையின் பிறந்தநாள் வீடியோக்களை அதில் போட்டு வைக்கலாமா? (ஈரோடு வாசகி)

வேண்டாம் அம்மா. அந்த விலைக்கு 2 டிபி கிடைக்கவே கிடைக்காது.

உள்ளே இருப்பது பெரும்பாலும் 32 அல்லது 64 ஜிபி சிப்தான். அதை இயக்கும் கன்ட்ரோலரில் 2 டிபி இருப்பதாகப் பொய்யாகப் பதிந்துவிடுகிறார்கள். கணினியில் சொருகினால் விண்டோஸும் அதை நம்பி 2 டிபி என்றே காட்டும். முதல் 30 ஜிபி போல ஒழுங்காகப் பதியும். அதற்கப்புறம் நீங்கள் போடுவது பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் பதியாமலே போகும். கோப்பின் பெயர் இருக்கும், அளவு இருக்கும், தேதிகூட இருக்கும். திறந்தால் வீடியோ ஓடாது. நான்கு ஸ்டார் எப்படி வந்தது என்கிறீர்களா? நிறையப் பேர் வாங்கிய இரண்டாம் நாளே மதிப்புரை எழுதிவிடுகிறார்கள். அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

என் அக்கா மகன் இப்படி ஒன்று வாங்கி வந்தான். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. டிரைவில் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். 2 டிபியும் சோதிக்க நாள் கணக்காகும் என்பதால் 100 ஜிபி மட்டும் எழுதச் சொல்லி இரவு ஓடவிட்டேன். காலையில் பார்த்தால் 29 ஜிபிதான் தேறியது. மூடியை நகத்தால் நெம்பினேன், திறந்துகொண்டது. உள்ளே சின்னப் பச்சைப் பலகையில் ஒரு மைக்ரோ எஸ்டி கார்டைச் சொருகிப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அவன் கல்லூரிச் சுற்றுலாப் படங்கள் அதில் போயே போய்விட்டன.

எந்த பென் டிரைவ் வாங்கினாலும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு எஃப்3 என்ற மென்பொருள் இதே வேலையைச் செய்யும். அப்புறம் ஒன்று: நல்ல 1 டிபி டிரைவும் விண்டோஸில் 931 ஜிபி என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை. நிறுவனம் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024 ஆகக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். பிறந்தநாள் வீடியோக்களுக்கு ஒரு நல்ல எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், வேறு ஓர் இடத்தில் இன்னொரு பிரதி. ஒரே பிரதியாக எதையும் வைக்காதீர்கள்.

வீட்டுக் கணினிக்கு ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? (கும்பகோணம் வாசகர்)

தேவையில்லை. விண்டோஸோடு வரும் டிஃபென்டர் வீட்டு உபயோகத்துக்குப் போதும். அதை அணைக்காமல், அப்டேட்டை நிறுத்தாமல், கிராக் செய்த மென்பொருள் எதையும் இறக்காமல் இருங்கள்.

பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் வைத்திருக்கிறேன். 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ரொம்ப மெதுவாக இருக்கிறது. விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன், புதிது வாங்க வசதியில்லை. என்ன செய்வது அண்ணா? (விழுப்புரம் வாசகி)

தங்கச்சி, அந்த லேப்டாப்பைக் கழித்துக்கட்டாதே. அதில் இன்னும் சில வருஷ உழைப்பு இருக்கிறது.

விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை தள்ளலாம். விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அந்தச் சோதனையைத் தாண்டி ஏற்றும் குறுக்கு வழிகள் இருக்கின்றன. 4 ஜிபி ராமில் அது நகராது என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முதல் வேலை, ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடுவது. 256 ஜிபி போதும். பழைய லேப்டாப்புக்கு இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. எஸ்எஸ்டி சிப்பிலேயே பதிவது என்பதால், ஹார்ட் டிஸ்க் மாதிரி உள்ளே தட்டு சுழன்று, ஊசி நகர்ந்து தேட வேண்டிய வேலை மொத்தமாகப் போய்விடுகிறது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனின் இதே மாதிரி லேப்டாப்பைத் திறந்தேன். பின் மூடியின் திருகுகளை எடுத்த வரிசையிலேயே முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைத்தேன். எல்லாம் ஒரே நீளம் இல்லை, மாற்றிப் போட்டால் பலகையில் குத்தும். விசிறியின் வாயில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்து கிடந்தது. அதை பிரஷ்ஷால் எடுத்ததிலேயே சூடு பாதி குறைந்தது. ராம் போட இன்னொரு ஸ்லாட் இருந்தால் பழைய 4 ஜிபி ஒன்றைத் தேடிப் போடு. டிடிஆர்3யா, டிடிஆர்4ஆ என்று பார்த்து வாங்கு, ஒன்றுக்கொன்று பொருந்தாது.

அடுத்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுத்துக்கொள். 4 ஜிபியில் சிரமமில்லாமல் ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. பயப்படாதே: மின்ட்டை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓடவிட்டு, வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு நிறுவினால் போதும். நிறுவும்போது டிஸ்க் அழிந்துவிடும் என்பதால் பாடக் குறிப்புகளை முதலில் வெளியே எடுத்து வை. லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். வீடியோ வகுப்பு, பிடிஎஃப், மாதிரித் தேர்வு எல்லாம் பிரவுசரில் நடப்பவை. எஸ்எஸ்டி, ராம் செலவைத் தவிர இதில் வேறு செலவே இல்லை.

30,000 ரூபாய் போனை ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் 6 மாதத் தவணைக்கு எடுக்கலாமா? வட்டியே கிடையாது என்கிறார்களே? (மதுரை வாசகர்)

வட்டி உண்டு. வட்டியே இல்லாத தவணை என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது. வட்டி அளவுக்கு விற்பவர் விலையில் தள்ளுபடி கொடுக்கிறார், வங்கி அதை வட்டியாக எடுத்துக்கொள்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 16 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடன் சுமார் 28,650 ரூபாய், வட்டி 1,350, மாதம் 5,000 வீதம் மொத்தம் 30,000. இதுவரை நியாயம்தான். ஆனால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில் விழும்: 243 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக 478 ரூபாய் கூடுதல். பெரிய தொகை இல்லை, ஆனால் சைபரும் இல்லை. இதைவிட முக்கியம், மொத்தமாகக் கட்டுபவருக்கு அதே கார்டில் உடனடித் தள்ளுபடி ஏதாவது இருக்கிறதா என்பது. இருந்தால் உங்கள் உண்மையான வட்டி அந்தத் தள்ளுபடியையும் சேர்த்ததுதான். கையில் பணம் இருந்தால் மொத்தமாகக் கட்டுங்கள்.

10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் என் 5,000 எம்ஏஹெச் போனை இரண்டு முறை நிரப்ப வேண்டும் அல்லவா? ஒன்றரை முறையிலேயே தீர்ந்துவிடுகிறது. போலியா? (கோவை வாசகர்)

போலி இல்லை. அந்த 10,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, அதாவது 37 வாட் ஹவர். வெளியே 5 வோல்ட்டாக மாறும்போது 7,400 ஆகிவிடும். மாற்றும்போது சூடாக வீணாவது போக ஆறாயிரத்துச் சொச்சம்தான் நிற்கும். பெட்டியின் பின்புறம் பொடி எழுத்தில் ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ என்று இருப்பது இந்த எண்தான். வாங்கும்போது அதைப் பாருங்கள். ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் அடித்தால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த எண் என்று தெரியும். வயிறு உப்பிய பவர் பேங்க் யாரிடமாவது இருந்தால் இன்றைக்கே பயன்பாட்டை நிறுத்துங்கள், குத்திப் பார்க்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் போன் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? (சேலம் வாசகர்)

திருட்டுப் போனா என்பதைத்தான் முதலில். *#06# அடித்தால் அந்தப் போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தடைசெய்த போன் என்றால் பதிலிலேயே தெரிந்துவிடும். அடுத்து, விற்பவர் உங்கள் கண் முன்னாலேயே தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கி, ரீசெட் செய்து, முதல் திரை வரை வந்து காட்ட வேண்டும். பணம் அதற்கப்புறம்தான். கணக்கு பூட்டிய போன் வெறும் கண்ணாடித் துண்டு.

பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்பதையும் பாருங்கள். பிக்ஸல் 8, கேலக்ஸி எஸ்24 போன்றவற்றுக்கு வெளியானதிலிருந்து 7 ஆண்டுகள் என்று நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. பல மலிவு போன்களுக்கு அதில் பாதிகூட இருக்காது.

ஹெட்போன் ஆர்டர் செய்தேன், பெட்டியில் வேறு ஏதோ வந்தது. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். (சென்னை வாசகர்)

எனக்கும் நடந்திருக்கிறது. 1 டிபி எஸ்எஸ்டி கேட்ட இடத்தில் சோப்புக்கட்டி வந்தது. பார்சல் கிழிக்கும்போது லேபிள் தெரிய வீடியோ எடுத்திருந்ததால்தான் பணம் திரும்பியது. உங்களிடம் வீடியோ இல்லாவிட்டாலும், பார்சல் அட்டை, லேபிள், எடை எழுதிய ரசீது எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகையும், ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

அப்பா எங்கள் ஊரின் வரலாற்றை 2002இல் கணினியில் தட்டச்சு செய்து வைத்தார். அவர் இப்போது இல்லை. அந்தக் கோப்புகளைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது. அழிந்துவிட்டதா? சில ஃப்ளாப்பிகளும் இருக்கின்றன. (யாழ்ப்பாணம் வாசகர்)

அழியவில்லை ஐயா. உங்கள் கடிதத்தோடு வந்த பக்கத்தைப் பார்த்தேன். முதல் வரியிலேயே ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் அதுதான் ‘தமிழ்’. ஜே இருக்கும் இடத்தில் த, கே இடத்தில் ம, பி இடத்தில் இகரக் கொக்கி, ஓ இடத்தில் ழ, அரைப்புள்ளி புள்ளி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோட் பரவுவதற்கு முன்னால் இப்படித்தான் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தினார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடுகிறது, அவ்வளவுதான். அப்பா தட்டிய ஒவ்வொரு விசையும் அப்படியே இருக்கிறது.

மூலக் கோப்புகளை ஒரு பிரதி எடுத்துவிட்டு அதில் மட்டும் வேலை செய்யுங்கள். பாமினி எழுத்துருவை நிறுவித் திறந்து, முதலில் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். பிறகு என்ஹெச்எம் கன்வர்ட்டரிலோ பொங்குதமிழ் மாற்றியிலோ யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். நடுவே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழ்க் குப்பையாக மாறியிருக்கும். ஔகாரக் குறியும் ளகரமும் பாமினியில் ஒரே விசை என்பதால் ‘கௌரி’ என்பது ‘கெ-ள-ரி’ என்று மூன்று எழுத்தாகப் பிரிந்து நிற்கலாம். கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், தேடினால் கிடைக்காது.

ஃப்ளாப்பிகளை இதற்கெல்லாம் முன்னால் எடுங்கள். யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் இன்னும் விற்கிறது. சொருகுவதற்கு முன் உலோக மூடியை விரலால் ஒதுக்கி, உள்ளே இருக்கும் தட்டில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அதைப் போடாதீர்கள், டிரைவின் தலையும் கெட்டு அடுத்த ஃப்ளாப்பியும் கெடும். சுத்தமானவற்றை முதலில் முடித்துவிட்டு, பூஞ்சை படிந்தவற்றைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எப்படித் துடைப்பது என்று பார்த்துச் சொல்கிறேன்.