செருப்பு விடும் இடத்தில் அப்பா

கேள்வி: போன ஆடியில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்கு அம்மாவின் நினைவாக மோட்டார் மேளம் உபயம் செய்தேன். பூசாரி சுவிட்சைப் போட்டால் மேளம், மணி, சேகண்டி மூன்றும் தானாக அடிக்கும். ஸ்பீக்கரிலும் இணைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் நர்ஸ், நைட் டியூட்டி முடித்து வந்து பகலில் தூங்க முடியவில்லை, குறையுங்கள் என்கிறார். என் மனைவியும் அவர் பக்கம். கோயில் சத்தம் மங்கலம்தானே? இவர்களுக்கு என்ன பதில் சொல்வது? அம்மா இருந்தவரை, அப்பா கோயிலில் அடிக்கும் சேகண்டியைக் கேட்டுத்தான் வீட்டில் விளக்கேற்றுவார். அப்பாவுக்கு இப்போது காது மந்தம். கோயிலுக்குக் கூட்டிப்போனாலும் உள்ளே வராமல் செருப்பு விடும் இடத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார்.
- ஒரு வாசகர், தருமபுரி

பதில்: தம்பி, நர்ஸுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம் அந்தக் கடைசி வரி. அப்பா ஏன் உள்ளே வருவதில்லை என்று அவரிடம் ஒரு தடவையாவது கேட்டீர்களா?

அவர் கையில் இருந்த வேலையை உங்கள் மோட்டார் பிடுங்கிக்கொண்டது. அதுவும் அவருடைய மனைவியின் பெயரால். வருஷக்கணக்காகச் சேகண்டி அடித்த மனிதர் இப்போது அங்கே போய் எதைச் செய்வார்?

காது மந்தம் என்றால் சத்தம் உறைக்காது என்று நினைத்துவிட்டீர்கள். வயதானால் முதலில் மங்குவது மெல்லிய, உயர்ந்த ஒலிகள். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகள் அதில்தான் போய்விடும். ஆனால் பெரிய சத்தம் பலருக்கு முன்பைவிடச் சீக்கிரமே வலிக்கும். கருங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் ஒலியை விழுங்காமல் திருப்பி அடிக்கும். அந்த இரைச்சலில் பூசாரி சொல்லும் ஒரு பெயரும் அப்பாவுக்குப் பிடிபடாது. செருப்பு விடும் இடத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதாவது கேட்கும்.

மங்கலம் என்கிறீர்கள். சத்தத்தில் மங்கலம் எங்கே இருக்கிறது? கையால் அடிப்பவர் பூசாரியின் தட்டைப் பார்த்து அடிப்பார். திரை விலகும்போது வேகம் கூடும், கற்பூரம் அணையும்போது தளரும். நாலு வீடு தள்ளி அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குக்கூட தீபாராதனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும். உங்கள் அம்மா அதைக் கேட்டுத்தான் விளக்கேற்றினார். மோட்டாருக்கு முதல் நொடியும் கடைசி நொடியும் ஒன்றே. ஒலிச்சூழல் பற்றி 2014இல் வந்த சர்வதேசத் தர வரையறை (ஐஎஸ்ஓ 12913) ஒலியின் அளவோடு நிற்காமல், அதைக் கேட்கும் மனிதர் எப்படி உணர்கிறார், எப்படிப் புரிந்துகொள்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்த நர்ஸ் சாமிக்கு எதிரி இல்லை. ராத்திரி முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறவர். சட்டமும் அவர் பக்கம்தான். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஒலிபெருக்கி வைக்கவே எழுத்துமூல அனுமதி வேண்டும். 10 டெசிபல் ஏறினாலே காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பாகத் தெரியும். சென்னையில் ஒரு சர்ச் வழக்கில் அதே 2000இல் உச்ச நீதிமன்றம், அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்துப் பிரார்த்தனை செய்யச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்றது. சர்ச்சுக்குச் சொன்னது நம் தெருக் கோயிலுக்கும் பொருந்தும். உங்கள் மனைவிக்கு இது சட்டம் படிக்காமலே புரிந்திருக்கிறது. அவரிடம் கோபப்பட உங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

கொடுத்த உபயத்தைத் திரும்பக் கேட்பதா என்று தயங்குவீர்கள். கேட்க வேண்டாம். ஸ்பீக்கர் வயரை மட்டும் முதலில் கழற்றச் சொல்லுங்கள். அப்புறம், அம்மா பெயரில் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுங்கள். விளக்கேற்றியவர் அவர்தானே.

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார் ஓட வேண்டாம் என்று பூசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழைய சேகண்டி கோயில் பரணில் எங்காவது கிடக்கும், தேடி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வையுங்கள். அப்பாவைச் செருப்பு விடும் இடத்திலிருந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போங்கள். கட்டையை அவர் கையில் கொடுங்கள். கை நடுங்கினால் சேகண்டியை நீங்கள் தூக்கிப் பிடியுங்கள், அவர் அடிக்கட்டும். அந்த நேரம் உங்கள் மனைவி வீட்டில் இருக்கட்டும், விளக்கும் தீப்பெட்டியும் எடுத்து வைத்துக்கொண்டு.