ஒரே செம்மண் தரைதான் என்றால் மான்டே கார்லோ, மாட்ரிட், ரோம் டென்னிஸ் போட்டிகளில் பந்து ஏன் வேறுவேறு வேகத்தில் வருகிறது?

மூன்றுமே ஏடிபி மாஸ்டர்ஸ் 1000 போட்டிகள் (கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த நிலையில் உள்ள ஆண்கள் போட்டிகள்), மூன்றும் திறந்தவெளியில் செம்மண் தரையில் நடப்பவை. ஆனால் பந்தின் வேகத்தைத் தரை மட்டும் முடிவு செய்வதில்லை. தரையின் ஈரமும் ஊர் இருக்கும் உயரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

மேலே சிவப்பாகத் தெரிவது செங்கல் தூள். பிரெஞ்சு ஓபன் நடக்கும் பாரிஸின் ரோலண்ட் காரோஸ் தரையில் அது 1 முதல் 2 மி.மீ. கனம்தான். அதன் கீழே பல செ.மீ. கனத்துக்கு இடித்த சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நிலக்கரிக் கசடு, சரளை, பெரிய கற்கள். உண்மையில் ஆட்டத்தைத் தாங்குவது சுண்ணாம்புக்கல் அடுக்குதான். தண்ணீரைப் பிடித்து வைத்து, மேல் தூளைப் பறக்கவிடாமல் காப்பதும் அதுவே.

அதனால் தண்ணீர் விடுவதுதான் தரைப் பணியாளரின் முக்கிய வேலை. ஆட்டம் முடிந்த இரவில் ஆழமாக நனைப்பார்கள். ஆட்டங்களுக்கு இடையே லேசாகத் தெளிப்பார்கள். ஒவ்வொரு செட் முடிந்ததும் தரைமேல் ஒரு இழுவலையை இழுத்துத் தூளைச் சமப்படுத்தி, கோடுகளைத் துடைப்பார்கள். தண்ணீர் குறைந்தால் அடித்தளம் இறுகி, பந்து வேகமாக வரும். மேல் தூள் உதிரியாகி, காற்றில் ஒரு பக்கம் ஒதுங்கும். அந்த இடத்தில் கால் வழுக்கும், பந்தும் ஒழுங்காக எழும்பாது. தண்ணீர் கூடினால் ஈரத்தூள் பந்தின் ரோமத்தில் அப்பிக்கொள்ளும். பந்து கனத்துப்போய், நன்றாக அடித்தாலும் எதிராளியைத் தாண்டாது. ஷூவின் அடியிலும் மண் அடைத்துவிடும். ஆட்டக்காரர்கள் அடிக்கடி ராக்கெட்டால் ஷூவைத் தட்டுவது அதை உதிர்க்கத்தான்.

இனி உயரம். மான்டே கார்லோ போட்டி கடலை ஒட்டி, ஏப்ரலில் நடக்கிறது. காற்று ஈரமாகவும் பெரும்பாலும் குளிராகவும் இருக்கும். பந்து மெதுவாக வரும், ராலி (இருவரும் பந்தை மாறி மாறி அடிப்பது) நீளும். மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் பந்துக்குத் தடை குறைவு. சர்வ் சீறிக்கொண்டு வரும், கொஞ்சம் அழுத்தி அடித்தாலே பேஸ்லைனை, அதாவது தரையின் கடைசிக் கோட்டை, தாண்டிவிடும். டாப் ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழலும்படி அடிப்பது) பந்தைக் கீழே இழுப்பதற்கும் காற்றின் அடர்த்தி வேண்டும், அதுவும் அங்கே குறைகிறது. மாட்ரிட் முடிந்த கையோடு ரோம் வருகிறது. மறுபடியும் தாழ்வான ஊர், கனமான காற்று. ரோமில் பகல் வெயிலில் துள்ளும் பந்து, இரவு ஆட்டத்தில் குளிரால் உள்ளழுத்தம் குறைந்து தாழ்வாகவே எழும்பும்.

இதற்கு ஸ்பெயின் வீரர் ரஃபேல் நடாலின் கணக்கைவிட நல்ல சாட்சி கிடையாது. மான்டே கார்லோவில் 11 பட்டம், ரோமில் 10 பட்டம். மாட்ரிட்டில் மண் தரையில் 4 மட்டுமே. செம்மண்ணில் அவருக்கு நிகரானவர் யாரும் இல்லை. அவருடைய டாப் ஸ்பின்னையே உயரம் இவ்வளவு பாதிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். 2012-இல் மாட்ரிட்டில் நீல நிற மண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். வழுக்குகிறது என்று நடாலும் ஜோகோவிச்சும் கடுமையாக எதிர்க்க, அடுத்த ஆண்டே செம்மண்ணுக்குத் திரும்பினார்கள்.

ஆட்டக்காரர்கள் இதையெல்லாம் ராக்கெட் நரம்பில்தான் சரிக்கட்டுகிறார்கள். மாட்ரிட்டில் பந்தைக் கட்டுக்குள் வைக்க ஒன்றிரண்டு பவுண்டு கூடுதலாக இறுக்கிக் கட்டுவார்கள். மெதுவான, ஈரமான நாளில் தளர்த்துவார்கள். அப்போது அதே வீச்சுக்குப் பந்து ஆழமாகப் போகும்.

டிவியில் பார்க்கும்போது பந்து மாற்றத்தையும் கவனியுங்கள். முதலில் 7 கேம், பிறகு 9 கேமுக்கு ஒருமுறை புதுப் பந்து வரும். ரோமம் இன்னும் சிலிர்க்காத புதுப் பந்து வேகமாகப் போகும் என்பதால், மெதுவான தரையில் சர்வை நம்பி ஆடுபவருக்கு அந்த முதல் இரண்டு கேம்கள் பெரிய வாய்ப்பு.