அகழாய்வில் ஓர் அரசனின் காசு கிடைத்தால், அந்த மண்ணடுக்கு அந்த அரசன் காலத்தது என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்ல முடிவது ஒன்றுதான்: அந்தக் காசு அடிக்கப்படுவதற்கு முன்னால் அந்த அடுக்கு மூடியிருக்காது. அதற்கப்புறம் பத்து வருடம் கழித்து மூடியதா, முந்நூறு வருடம் கழித்தா என்பது காசுக்குத் தெரியாது. இதுகூட, காசு மேலிருந்து எலி வளை வழியாக இறங்கி வராமல் இருந்தால்தான்.

இது எனக்குப் புரிவதற்கு ஒரு காசைப் பாழாக்க வேண்டியிருந்தது. நான் பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், சந்தையில் இரண்டும். பதினோராம் வகுப்பு படிக்கும்போது, எங்கள் தோப்பில் தென்னங்குழி எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "தம்பி, இது என்னன்னு பாரு" என்று சின்னதாக ஒரு சதுரச் செம்புத் துண்டைக் கையில் போட்டார். பச்சை ஏறிக் கிடந்தது. ஒரு பக்கம் யானை முதுகு மாதிரி ஒரு வளைவு. அன்றைக்கு அப்பத்தா குத்துவிளக்கு தேய்க்கப் புளி கரைத்து வைத்திருந்தார். அதிலேயே போட்டு நானும் தேய்த்தேன். புதுச் செம்பாகப் பளபளத்தது. யானையைக் காணோம். மண்ணில் வெகுகாலம் கிடந்த செம்பில் உருவம் பெரும்பாலும் அந்தப் பச்சைப் படலத்தில்தான் நிற்கிறது, அடியில் உலோகம் அரித்துப் போயிருக்கும் என்பதெல்லாம் அப்போது யார் சொன்னார்கள்?

பிறகு வரலாறு படித்து, ஓர் அகழாய்வில் இரண்டு மாதம் எடுபிடியாக இருந்தபோது, அந்தக் காசை அங்கிருந்த மூத்தவர் ஒருவரிடம் காட்டினேன். புளிக்குத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, "எந்தக் குழி? எத்தனை அடி ஆழம்?" தெரியவில்லை என்றேன். "தோப்புக்குக் குளத்து வண்டல் அடிப்பீங்களா?" கோடைக்குக் கோடை அடிப்போம் என்றேன். "அப்ப இது உங்க தோப்புக் காசா, குளத்துக் காசான்னே சொல்ல முடியாதே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் குழிகளில்தான் வேலையைக் கற்றேன். காசு கண்ணில் பட்டதும் எடுத்துவிடக் கூடாது. ஆழமும் இரண்டு சுவர்களிலிருந்து தூரமும் அளந்து எழுதிய பிறகுதான் கை வைக்க வேண்டும். சுற்றிலும் மண்ணின் நிறம் மாறுகிறதா, குப்பைக்குழி வெட்டியிருக்கிறார்களா, வேர் ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சல்லடையில் சிக்கிய காசுக்கு மதிப்பு ஒரு படி கீழே. அது எந்தக் கூடை மண்ணில் வந்தது என்பது மட்டுமே தெரியும்.

காசு பிறந்த காலமும் புதைந்த காலமும் எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பதற்கு எங்கள் பாலக்காட்டுக் கணவாயே சாட்சி. திருச்சூர் மாவட்டம் எய்யாலில் கிடைத்த புதையலில் ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகளோடு முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளும் சேர்ந்தே இருந்தன. முத்திரைக் காசுகள் மௌரியர் காலத்தோடு பேசப்படுகிறவை. ரோமானியக் காசுகளோ கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. இருந்தும் புதைத்தவருக்கு எல்லாமே செல்வம்தான். முத்திரைக் காசை மட்டும் பார்த்துக் காலம் சொல்லியிருந்தால் சில நூற்றாண்டுகள் தவறியிருப்போம்.

ரோமானியக் காசிலும் இதே சிக்கல். கோவை வெள்ளலூரில் (இன்று அந்தப் பெயரைக் கேட்டால் குப்பைக்கிடங்குதான் நினைவுக்கு வருகிறது) கிடைத்த புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள் ஏராளம். அதனால் அவை திபேரியஸ் இறந்த கி.பி. 37க்குள் வந்து சேர்ந்துவிட்டன என்று முடிவு கட்டக் கூடாது. கி.பி. 64 வாக்கில் நீரோ வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தான். அதன் பிறகும் வணிகர்கள் பழைய நல்ல காசாகப் பொறுக்கி அனுப்பியிருக்கலாம் என்ற கருத்து உண்டு. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. கிழிந்த நோட்டைக் கடைக்காரரிடம் தள்ளிவிட்டு நல்ல நோட்டைப் பீரோவில் வைக்காதவர் யார்?

சரி, ஒரு காசு எவ்வளவு காலம் கைமாறியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தேய்மானம். கணிதக்காரரான டி. டி. கோசாம்பி தட்சசீலத்துப் புதையல்களின் முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாக எடை போட்டார். புழங்கப் புழங்கக் காசு இளைக்கும். எது அதிகம் இளைத்திருக்கிறதோ அது அதிக நாள் சுற்றியிருக்கும் என்று கணக்கிட்டார். சுமார் 3.4 கிராம் வெள்ளியில் நூலளவு வித்தியாசத்தைத் தேடும் வேலை. கையிலிருந்த காசைப் புளியில் போட்டவனுக்கு இதைப் படித்தபோது வயிறு கலங்கியது. நான் தேய்த்ததில் உருவத்தோடு எடையும் போயிருக்குமே!

இதற்கு நேர்மாறான கதை கரூர். அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகளுக்கு அடுக்கே கிடையாது. ஆறு எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிட்டது. ஆனால் 'மாக்கோதை' என்று தமிழ் பிராமியில் பெயரும், தலை உருவமும் பொறித்த சேரர் வெள்ளிக் காசு அங்கிருந்துதான் வந்தது. அடுக்கு இல்லாத இடத்தில் எழுத்துத்தான் கைகொடுக்கிறது. எழுத்தே இல்லாத, யானையும் வில்லம்பும் மட்டும் கொண்ட சேரர் சதுரச் செப்புக் காசு கேரளத்தில் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைக்கும்போது நிலைமை தலைகீழ். அங்கே கூடவே கிடந்த பானை ஓடுகள்தான் பேச வேண்டும்.

இடைக்காலத்துக்கு வந்தால் உருவத்தை நம்பவே கூடாது. ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்த மனிதன், பக்கத்தில் நாகரியில் 'ஸ்ரீராஜராஜ'. இந்த அமைப்பைப் பார்த்த உடனே, பெயரைப் படிக்காமலே ராஜராஜ சோழன் என்று குதிப்பார்கள். இதே அமைப்பில் இலங்கை அரசர்கள் 13ஆம் நூற்றாண்டு வரை தங்கள் பெயரைப் போட்டுக் காசு அடித்தார்கள். லீலாவதி என்ற அரசியும் அடித்தார். ஆகவே தமிழ் பிராமிக்கு அடுத்து நாகரி எழுத்தையும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.

உங்கள் நிலத்தில் ஏதாவது கிடைத்தால் தேய்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் அளவுகோல் வைத்துப் போட்டோ எடுங்கள். பிறகு வருவாய்த்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, கேரளத்துக்கு 1968இல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. எடைக்கு, நகைக்கடையில் வைத்திருப்பது போல 0.01 கிராம் காட்டும் தராசு போதும். படிப்பதற்கு டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலில் எழும்பி வரும்.

என் காசுக்கும் பிற்பாடு ஒரு அட்டை எழுதினேன். உலோகம், செம்பு. வடிவம், சதுரம். எடை, 1.62 கிராம், புளியில் தேய்த்த பின். கிடைத்த இடம் என்ற கட்டத்தில் 'தோப்பு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.