ரெட் நோய் உள்ள அக்கா மகளைப் பள்ளிக்கு அனுப்ப நாற்காலி, கண்ணால் பேசும் கருவி வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் இதற்கு யார் பணம் தருவார்கள்?

என் மகளுக்கும் ரெட் நோய்தான் தம்பி. பேச்சையும் கைப் பயன்பாட்டையும் பறிக்கும் அரிய மரபணு நோய் இது. நீங்கள் பென்னாகரம், நாங்கள் பாலக்கோடு. அதனால் நம் பக்கத்து நிலவரத்தை வைத்தே சொல்கிறேன்.

பணம் தரத் திட்டங்கள் இருக்கின்றன. இந்தப் பிள்ளைக்கு இன்னதுதான் வேண்டும் என்று அளவோடு எழுதித் தரும் ஆள்தான் கிடைப்பதில்லை. உதவிக் கருவி தரும் முகாமுக்குப் போனால் சி.பி. சேர் (மூளை வாதப் பிள்ளைகளுக்கான நாற்காலி), ரோலேட்டர் (சக்கரம் வைத்த நடைச் சட்டம்), காதுக் கருவி என்று வழக்கமான பட்டியல் ஒன்று இருக்கும். அரிய நோய்ப் பிள்ளைக்கும் அதிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு முதலில் வந்த நாற்காலியில் பக்கத் தாங்கல் இல்லை. முதுகு வளைய ஆரம்பித்திருந்த பிள்ளை இடப்பக்கமாகச் சரிந்துகொண்டே இருப்பாள். துண்டைச் சுருட்டி அண்டக் கொடுத்துத்தான் உட்கார வைத்தோம்.

ஆகவே முதல் வேலை, பரிந்துரைச் சீட்டு. கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் இருப்பார்கள். இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரை உள்ள அளவு, தலைத் தாங்கல், பக்கத் தாங்கல், முன்பலகை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். அவர்களால் முடியாவிட்டால் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. தூரம்தான், ஆனால் போன பலன் உண்டு.

யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையிலும் கவனம் வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ரெட் என்ற பெயரே கிடையாது. எந்த வகையில் பதிகிறார்கள் என்று பாருங்கள். ஆட்டிசம், மூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இவற்றில் ஒன்று என்று இருந்தால்தான் 1 லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டில் சேர முடியும்.

இனி பணம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) மாற்றுத்திறன் கொண்ட ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை கணக்கு உண்டு. அது கையில் வராது. முகாம், கருவி, பாடப்பொருள், போக்குவரத்து எல்லாம் அதற்குள்தான். முகாமில் அலிம்கோ (உதவிக் கருவி செய்யும் மத்திய அரசு நிறுவனம்) கருவி கொடுத்தால் விலையில் 60 சதவீதம் மத்திய அரசின் 'அடிப்' (ADIP) என்ற உதவிக் கருவித் திட்டத்தில் போகும், 40 சதவீதம் கல்வித் துறை தரும். அடிப் திட்டத்தில் அதே வகை உதவியை மறுபடி வாங்கப் பொதுவாக மூன்று ஆண்டு இடைவெளி வேண்டும். 12 வயதுக்குக் கீழ் என்றால் ஓராண்டு போதும். வளரும் பிள்ளைக்கு நாற்காலி சீக்கிரம் சின்னதாகிவிடும், முகாமிலேயே இதை எடுத்துச் சொல்லுங்கள். மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கும் எழுதிப் போடுங்கள். அது டயப்பருக்கே சரியாக இருக்கும், அதை நம்பிக் கருவி வாங்க முடியாது.

"இது எங்கள் பட்டியலில் இல்லை" என்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 வயது வரை பாடப்பொருளும் உதவிக் கருவியும் இலவசமாகத் தர வேண்டும் என்று அந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. பிரிவு எண்ணை மனுவில் போட்டு, பரிந்துரைச் சீட்டின் நகலையும் இணைத்துவிடுங்கள்.

ஓசூர் கம்பெனிகள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சி.எஸ்.ஆர். பணத்தைத் தனி ஆளாகக் கேட்டால் பெரும்பாலும் வராது. அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் மூலம் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் வழியாகக் கேட்கலாம். அப்படி வந்தால் கருவி பள்ளிச் சொத்தாகிவிடும். லீவில் வீட்டுக்கு எடுத்துப்போக முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். அழும் பிள்ளையின் படத்தைப் போட்டு இணையத்தில் நிதி திரட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை, அது உங்கள் விருப்பம்.

கண்ணசைவைப் படிக்கும் கணினிக் கருவி லட்சக்கணக்கில் ஆகும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். தருமபுரியில் நேம் போர்டு செய்யும் கடையில் அக்ரிலிக் பலகை ஒன்று வெட்டச் சொல்லுங்கள். நடுவில் முகம் தெரியும் அளவுக்குச் சதுர ஓட்டை, நான்கு மூலையிலும் படம் ஒட்ட இடம், ஓரமெல்லாம் உரசி மழுக்கியிருக்க வேண்டும். ஆசிரியர் எதிரே உட்கார்ந்து ஓட்டை வழியாகப் பார்த்தால், பிள்ளையின் கண் எந்த மூலைக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் ரெட் பிள்ளைகளுக்குப் பதில் வர நேரமாகும். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் இருபது வரை எண்ணச் சொல்லுங்கள். பாதியில் படத்தை மாற்றினாலோ கேள்வியைத் திருப்பிக் கேட்டாலோ பிள்ளை குழம்பிப் போகும்.