ஸ்பிட்ஃபயருக்குப் பெயர், ஹரிக்கேனுக்கு வேலை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1940-இல் நடந்த பிரிட்டன் வான்போர் என்றாலே எல்லாரும் ஸ்பிட்ஃபயரைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் போரில் ஜெர்மன் விமானங்களை அதிகமாக வீழ்த்தியது ஹரிக்கேன்தான் என்று என் நண்பர் வாதிடுகிறார். அவர் சொல்வது சரியா? பழைய முறையில் துணி போர்த்திக் கட்டிய ஒரு விமானத்தால் அது எப்படி முடிந்தது?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரிதான். அந்த ஆண்டு ஜூலை முதல் அக்டோபர் வரை நடந்த போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் வீழ்த்திய ஜெர்மன் விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஹரிக்கேன்களின் கணக்கில் சேர்பவை. ஹரிக்கேன் ஸ்குவாட்ரன்கள் (விமானப் படைப் பிரிவுகள்) எண்ணிக்கையில் அதிகம், அதனால் கணக்கும் அதிகம் என்று சிலர் இதை ஒதுக்கிவிடுவார்கள். அந்த எண்ணிக்கை ஏன் அதிகமாக இருந்தது என்று கேட்டால்தான், நீங்கள் குறிப்பிடும் துணிப் போர்வையின் அருமை புரியும்.

ஹாக்கர் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளரான சிட்னி காம், தம் பட்டறைத் தொழிலாளர்களுக்கு இரட்டை இறக்கை விமானங்களைக் கட்டிக் கட்டிக் கைவந்திருந்த முறையையே ஹரிக்கேனின் உடற்பகுதிக்கும் வைத்துக்கொண்டார். எஃகுக் குழாய்களையும் அலுமினியக் குழாய்களையும் பற்றவைக்காமல், மூட்டுகளில் தகடு வைத்து போல்ட்டும் ரிவெட்டும் போட்டு இணைத்த சட்டகம். அதைச் சுற்றி உருவம் தருவதற்கு மரச்சட்டங்கள். அதற்கும் மேலே லினன் துணியை இழுத்துக் கட்டி, அது முரசுத் தோலைப்போல விறைத்து நிற்கும்படி பூசிய மெருகு. உடல்தான் இப்படிப் பழையது. மெர்லின் என்ஜின், உள்ளே மடங்கும் சக்கரங்கள், மூடிய விமானி அறை, இறக்கைக்கு நான்காக எட்டு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள் என்று மற்றவையெல்லாம் புதியவை. 1935 நவம்பர் 6 அன்று புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்திலிருந்து ஜார்ஜ் புல்மன் இதன் முதல் மாதிரியைப் பறக்கவிட்டபோது ஸ்பிட்ஃபயர் இன்னும் தரையை விட்டு எழும்பியிருக்கவில்லை. அதன் முதல் பறத்தல் அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் நடந்தது.

அதே மார்ச்சில் ஹாக்கர் நிறுவனத்தார் எடுத்த ஒரு முடிவுக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் எண்ணம். அரசிடமிருந்து ஆணை எதுவும் கைக்கு வராத நிலையில், ஆயிரம் விமானங்களுக்கான கருவிகளையும் வரைபடங்களையும் ஆயத்தம் செய்யும்படி அவர்கள் உத்தரவிட்டார்கள். 600 விமானங்களுக்கான அரசாணை ஜூன் மாதத்தில் வந்தது. 1937 டிசம்பரில் நார்த்தோல்ட் தளத்தின் 111-ஆவது ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்களைப் பெறத் தொடங்கியது. (அதன் தலைவர் ஜான் கில்லன், 1938 பிப்ரவரியில் எடின்பரோவிலிருந்து நார்த்தோல்ட்டுக்கு 48 நிமிடங்களில் பறந்து, மணிக்கு 650 கிலோமீட்டருக்கு மேல் சராசரி வேகம் காட்டினார். பின்னாலிருந்து பலத்த காற்று தள்ளிக்கொண்டு வந்ததைச் செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தவில்லை. சக விமானிகளோ அவருக்கு ‘காற்றோடு போன கில்லன்’ என்ற பொருளில் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.)

போர் மூண்ட பிறகு, கட்டுவதற்கு எளிது என்பதோடு பழுதுபார்ப்பதற்கும் எளிது என்பது சேர்ந்துகொண்டது. ஸ்பிட்ஃபயரின் உலோகத் தோல் சுமை தாங்கும் உறுப்பு. அதில் துளை விழுந்தால் தகட்டு வேலை தெரிந்த கைகள் வேண்டும், பல நேரங்களில் விமானத்தையே பட்டறைக்கு அனுப்ப வேண்டும். ஹரிக்கேனின் பின்னுடலில் குண்டு ஒரு புறம் புகுந்து மறுபுறம் போயிருந்தால், குழாய்கள் முறியவில்லை என்று பார்த்துக்கொண்டு, துளைகளின் மேல் துணித்துண்டை ஒட்டிப் பூசி, அதே தளத்திலிருந்து மீண்டும் அனுப்பிவிடலாம். தடித்த இறக்கையில் துப்பாக்கிகள் நெருக்கமாக அமைந்திருந்ததால் சுடும்போது விமானம் ஆட்டம் காணாது. குண்டுவீச்சு விமானங்களை எதிர்ப்பதற்கு அது மிகவும் பொருந்திற்று. ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109 வேகத்தில் ஹரிக்கேனை மிஞ்சியது என்றாலும், குறுகிய வட்டத்தில் திரும்பும் திறனில் ஹரிக்கேனுக்கே கை ஓங்கியிருந்தது.

இந்தப் பெருமையோடு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என்ஜினுக்கும் விமானியின் கருவிப் பலகைக்கும் நடுவில் ஓர் எரிபொருள் தொட்டி இருந்தது. அது தீப்பற்றினால் சுவாலை நேராக விமானியின் முகத்துக்கும் கைகளுக்கும் வரும். ஈஸ்ட் கிரின்ஸ்டெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ என்ற அறுவை மருத்துவர் முகத்தோலையும் விரல்களையும் மீட்டுத்தர முயன்ற இளைஞர்களில் ஹரிக்கேன் விமானிகள் பலர். துளை விழுந்தால் தானே அடைத்துக்கொள்ளும் ரப்பர் உறையைத் தொட்டிக்குப் போட்ட பிறகு நிலைமை ஓரளவு சீரானது. 1940 ஆகஸ்ட் 16 அன்று, எரிந்துகொண்டிருந்த ஹரிக்கேனிலிருந்து குதிக்காமல் எதிரி விமானத்தைச் சுட்டுவிட்டே வெளியேறிய ஜேம்ஸ் நிக்கல்சன், பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றார். பிரிட்டனின் போர் விமானப் படைப்பிரிவில் அந்தப் பதக்கம் அவர் ஒருவருக்குத்தான் கிடைத்தது. 1945 மே மாதத்தில் அவர் உயிர் போனது வங்காள விரிகுடாவில், லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் பார்வையாளராகச் சென்றபோது.

கேள்வி: ஹரிக்கேன் மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் என்ஜின் நின்றுபோகும் என்பது உண்மையா?

பதில்: நிற்கப் பார்க்கும். மெர்லின் என்ஜினுக்கு எரிபொருள் கார்புரேட்டர் வழியாகப் போனது. விமானம் சட்டென்று மூக்கைத் தாழ்த்தும்போது மிதவைக் கிண்ணத்திலுள்ள எரிபொருள் மேற்புறத்துக்கு எழும்பிவிடுவதால், முதலில் என்ஜின் ஒரு கணம் பட்டினி கிடந்து விக்கும். அடுத்து, மிதவை ஒழுங்கிழந்து வழி முழுதும் திறந்துவிட, எரிபொருள் வெள்ளமாகப் பாய்ந்து கரும்புகையோடு என்ஜின் திணறும். மெஸ்ஸர்ஷ்மிட்டின் என்ஜினில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் ஏற்பாடு இருந்ததால் ஜெர்மன் விமானி கவலையின்றி மூக்கைத் தாழ்த்தித் தப்பிவிடுவார். துரத்தும் ஹரிக்கேன் விமானியோ முதலில் தலைகீழாகப் புரண்டு, பிறகே கீழே பாய வேண்டும். அந்த ஓரிரு நொடிகளில் இரை கைநழுவிவிடும்.

இதற்கு வழி கண்டவர் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தின் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங். முழு விசைக்கு எவ்வளவு எரிபொருள் தேவையோ அதற்கு மேல் பாயாதபடி அளந்து துளையிட்ட சிறு உலோகத் தடுப்பு ஒன்றைக் குழாயில் பொருத்தினால், வெள்ளத்தைத் தடுத்துவிடலாம் என்றார். விமானத்தைப் பணியிலிருந்து விலக்காமலே இதைப் பொருத்த முடிந்ததால், 1941-இல் அவரும் சிறு குழுவினரும் தளம் தளமாகச் சென்று மாட்டிக்கொடுத்தார்கள். முழுத்தீர்வு, அழுத்தத்தில் இயங்கும் கார்புரேட்டர்கள் வந்த பிறகே கிடைத்தது. ஷில்லிங் மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் பெயர் பெற்றவர். புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றியதற்காகத் தங்க நட்சத்திரம் பெற்றவர்.

கேள்வி: ஹரிக்கேன்கள் ஆசியாவிலும் போரிட்டனவா?

பதில்: போரிட்டன, தொடக்கம் நன்றாக இல்லை. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, ரத்மலானை தளத்திலும் குதிரைப் பந்தயத் திடலை ஓடுதளமாக்கிய இடத்திலும் ஹரிக்கேன்கள் நின்றன. எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்து சேராததால் ரத்மலானையில் விமானிகள் தலைக்கு மேல் எதிரி நிற்க மேலெழும்ப வேண்டியதாயிற்று. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கே சீனக்குடாவிலிருந்த 261-ஆவது ஸ்குவாட்ரனுக்கு முன்னெச்சரிக்கை கிடைத்தும் இழப்பு கடுமையாகவே இருந்தது. ஐரோப்பாவில் ஹரிக்கேனைக் காப்பாற்றிய குறுகிய திருப்பம், தன்னைவிடவும் குறுகத் திரும்பும் ஜப்பானிய ஜீரோவிடம் செல்லுபடியாகவில்லை. உயரத்திலிருந்து பாய்ந்து, சுட்டு, நிற்காமல் விலகிப்போவதே வழி என்பதை விமானிகள் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் பர்மா எல்லையில் இதே விமானம் வேறு வேலையில் தேர்ந்தது. 1944-இல் இம்பால் முற்றுகையின்போது அர்ஜன் சிங் தலைமையிலான இந்திய விமானப் படையின் முதலாவது ஸ்குவாட்ரன், ஹரிக்கேன்களில் காட்டு மலைகளுக்கு மேல் தாழப் பறந்து ஜப்பானியரின் நடமாட்டத்தைக் கண்டறிந்து சொன்னது. இரண்டிரண்டாகச் செல்வார்கள், ஒருவர் கண் தரையிலிருக்கும், மற்றவர் வானத்தைக் காவல்காப்பார். அந்தப் பணிக்காக அர்ஜன் சிங்குக்கு வழங்கப்பட்ட டிஎஃப்சி என்ற விமானப் படை வீரப்பதக்கத்தை மவுண்ட்பேட்டனே இம்பாலுக்கு வந்து அணிவித்தார்.

கேள்வி: இவ்வளவு பயன்பட்ட விமானத்தின் உற்பத்தியை ஏன் 1944-இலேயே நிறுத்தினார்கள்? ஸ்பிட்ஃபயர் போர் முடிந்த பிறகும் தயாரானதே.

பதில்: காரணம் அந்தத் தடித்த இறக்கைதான். உறுதியையும் துப்பாக்கிக்கு இடத்தையும் தந்த அதே தடிப்பு, வேகம் கூடக் கூடக் காற்றின் தடையையும் பெருக்கியது. ஸ்பிட்ஃபயரின் மெல்லிய இறக்கைக்கு ஒவ்வொரு புதிய என்ஜினும் கணிசமான வேகத்தைக் கூட்டிக் கொடுத்தது. ஹரிக்கேனுக்கு அந்தப் பலன் சொற்பம். எனவே 1941-க்குப் பிறகு அதற்குப் பளு சுமக்கும் வேலைகளே வந்தன: 20 மில்லிமீட்டர் பீரங்கிகள், வெடிகுண்டுகள், ராக்கெட்டுகள், ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டாங்கிகளைத் துளைக்க இறக்கைக்கு ஒன்றாக 40 மில்லிமீட்டர் பீரங்கி. சரக்குக் கப்பலிலிருந்து கவண்போல எறிந்து ஏவும் ஹரிக்கேன்களும் இருந்தன. திரும்பி இறங்கத் தளமில்லாததால், கரை எட்டாத தூரத்தில் விமானி கடலில் குதித்துக் கப்பல் வந்து எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

மொத்தம் 14,000-க்கு மேல் தயாரித்த பிறகு, கடைசி விமானம் 1944 கோடையில் லாங்லி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. சிட்னி காம் அதற்கு நெடுநாள் முன்பே டைஃபூன் என்ற அடுத்த போர் விமானத்தின் வடிவமைப்புக்குப் போய்விட்டார். அதிலும் இறக்கையைத் தடிப்பாகவே வைத்து அதே தொல்லையைச் சந்தித்து, பிறகே டெம்பெஸ்ட் விமானத்துக்கு மெல்லிய இறக்கை கொடுத்தார். 1947-இல் காஷ்மீரில் இந்திய விமானப் படை ஈடுபடுத்திய டெம்பெஸ்ட்கள் அந்த வரிசையில் வந்தவையே.