பராமரிப்பாளரின் களைப்பு – ஒரு கடிதம்

ஐயா, வணக்கம்.

ஹட்டன் பக்கம், விசேட தேவையுடையவர்களுக்கான ஓர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருக்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது, வீட்டுக்குப் போனால் திரும்ப உள்ளே எடுக்க முடியாது என்றார்கள். அங்கேயே தங்கிவிட்டோம். அடுத்த வருடம் இல்லத்துக்குள்ளும் கொவிட் வந்தது. நான் பல வருடம் குளிப்பாட்டிச் சோறு ஊட்டிய ஓர் அக்கா, டவுன் சின்ட்ரோம் உள்ளவர், வைத்தியசாலைக்குப் போனார், திரும்பி வரவில்லை. இப்போதும் யாருக்காவது காய்ச்சல் என்றால் எனக்குக் கை நடுங்குகிறது. என்னால் எதுவும் சரியாகச் செய்ய முடியாது என்று தோன்றுகிறது. போன மாதம் ஒரு பையனை ஏசி, கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். வேலையை விட்டுவிடலாமா? "புண்ணியமான வேலை, விடாதே" என்கிறார் அம்மா. களைப்பாக இருக்கிறது என்று சொல்வது பாவமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

பாவமில்லை. அம்மா சொல்லும் புண்ணியத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது உங்களுக்கு ஒரு நாள் லீவு வாங்கித் தரவில்லையே.

ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று நாடு முழுக்க அறிவித்த காலம் அது. ஒரு மீட்டர் தள்ளி நின்று யாருக்குச் சோறு ஊட்டுவது, யாருடைய உடுப்பை மாற்றுவது? உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்பவருக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு என்ன சொல்லி விளங்கவைப்பது? அன்றாட ஒழுங்கு கொஞ்சம் மாறினாலே கலங்கிப்போகும் ஓட்டிசப் பிள்ளைக்கு, கேட் ஏன் பூட்டியிருக்கிறது என்று எத்தனை தடவை சொல்வது? வீட்டுக்குப் போயிருந்தாலும் நிம்மதி கிடைத்திருக்காது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் யார் எங்கே தனிமைப்படுவது? பைப்பும் கக்கூசும் பல வீட்டுக்குப் பொது. உங்களிடமிருந்து வீட்டுக்குத் தொற்றுமோ, வீட்டிலிருந்து இல்லத்துக்கு வருமோ என்று இரண்டு பக்கமும் பயந்திருப்பீர்கள்.

அந்த அக்காவின் சாவைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களை, அதிலும் வயது கூடியவர்களை, கொவிட் மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கியது. இது மருத்துவர்கள் உறுதிசெய்த விஷயம். இன்னும் கவனமாக இருந்திருந்தால் என்று இரவில் கணக்குப் போடுகிறீர்கள் என்றால், இதையும் சேர்த்துப் போடுங்கள். தோட்டத்தில் ஒரு சாவு என்றால் தப்பு மேளச் சத்தம் கேட்கும், லயமே கூடிவிடும், கருமாதி வரை யாராவது வந்து போவார்கள். கொவிட் சாவுக்கு இதெல்லாம் இல்லை. சீல் வைத்த பெட்டி, சுகாதார உத்தியோகத்தர்கள், அவ்வளவுதான். பெற்ற குடும்பத்துக்கே அந்த நிலை என்றால், சொந்தமில்லாத உங்களிடம் யார் வந்து துக்கம் விசாரித்திருப்பார்கள்? மறுநாள் காலையில் அடுத்தவரைக் குளிப்பாட்டப் போயிருப்பீர்கள். காய்ச்சல் என்றதும் கை நடுங்குவது அன்றைக்கு அழாமல் விட்டதால்தானோ என்று நினைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, அபிப்பிராயம்தான்.

அந்தப் பையன் விஷயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். நீங்களும் எடுக்கவில்லை, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். அவன் யாரிடமும் முறைப்பாடு சொல்லப் போவதில்லை. ஆகவே பொறுப்பாளரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது எந்த நிலையில் அது நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சக்தியெல்லாம் வடிந்துபோவது, வேலைமேல் வெறுப்போ ஒட்டாத தன்மையோ வருவது, நம்மால் எதுவும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் என்று வேலைக் களைப்புக்கு மூன்று அடையாளங்களை உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்தது. மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. அதை ஒரு நோயாக அந்த நிறுவனம் வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் நீண்டகாலம் சரிசெய்யாமல் விட்ட அழுத்தத்தின் விளைவு என்கிறது. அப்படியென்றால் திருத்த வேண்டியது உங்கள் மனசை மட்டுமா? மூச்சுப் பயிற்சி செய் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ராத்திரியும் பகலும் ஒரே ஆள் பார்க்கிற இடத்தில் அதற்கு நேரம் ஏது என்றுதான் கேட்கிறேன்.

வேலையை விடுவதை இப்போதைக்குத் தீர்மானிக்காதீர்கள். முதலில் லீவு எடுங்கள். அப்புறம் வாரத்தில் ஒரு நாள் நிச்சயமான ஓய்வு, ராத்திரி முறைக்கு மாற்று ஆள், அடங்காமல் தவிக்கிற பிள்ளையோடு யாரையும் தனியே விடாமல் இருவரைப் போடுவது, இவற்றை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தாராளமாக விடுங்கள். நீங்கள் போனால் அந்தப் பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்வி இல்லத்தை நடத்துபவர்களுடையது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் மனம் செல்லாத நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும், பக்கத்து அரச வைத்தியசாலையில் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று விசாரித்துப் போங்கள். போனால் லயத்தில் கதை கட்டுவார்கள் என்று தயக்கமாக இருந்தால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு முதலில் கோல் எடுங்கள். தமிழில் பேச வேண்டும் என்று எடுத்ததுமே சொல்லிவிடுங்கள்.