மாத்திரை இல்லாமல் எட்டி மோரா ஆகலாமா? ‘லிமிட்லெஸ்’ பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

நீல் பர்கர் இயக்கி 2011-இல் வந்த ‘லிமிட்லெஸ்’ படத்தைப் பார்த்து உத்வேகம் பெற்ற நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. படம் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: நியூயார்க்கில் புத்தக ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சொல்கூட எழுதாத எட்டி மோரா (பிராட்லி கூப்பர்), என்.இசட்.டி.-48 என்ற மாத்திரையை விழுங்கி மேதையாகிறான், சிக்கலிலும் மாட்டுகிறான். முடிவையும் பேசியிருக்கிறேன், ஜாக்கிரதை.

கேள்வி: இந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் அன்று இரவே வாழ்க்கையை மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. மறுநாள் மதியத்துக்குள் அந்த வேகம் காணாமல் போகிறது. ஏன் ஐயா?

நீங்கள் உணர்ந்த வேகத்தில் பாதி ஒளிப்பதிவாளருடையது. மாத்திரைக்கு முன் திரை சாம்பலும் நீலமுமாகச் சோர்ந்து கிடக்கும். விழுங்கியதும் பொன்வெயில் அடிக்கும். அந்த வெயில் உங்கள் அறைக்கு வராது.

மீதிப் பாதிக்கு ஆய்வே இருக்கிறது. உளவியலாளர் கேப்ரியேல எட்டிங்கனும் ஹெதர் காப்பஸும் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில், ஆசை நிறைவேறிவிட்டதாக இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்கு ஊக்கம் குறைந்தது. இரத்த அழுத்த அளவிலேயே அது தெரிந்தது. மனம் வெற்றியை முன்கூட்டியே அனுபவித்துவிட்டால் உடம்பு எதற்காக எழுந்திருக்க வேண்டும்?

கேள்வி: அப்படியானால் இந்தப் படத்தில் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. பங்குச் சந்தைக் காட்சிகளை விட்டுவிட்டு, மாத்திரை போட்ட முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் திரும்பப் பாருங்கள்.

மாடிப்படியில் வீட்டுக்காரரின் மனைவி வாடகை பாக்கிக்காகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் பையில் சட்டப் புத்தகம் ஒன்று தெரிகிறது. எப்போதோ அரைகுறையாகப் பார்த்தது, படித்தது எல்லாம் எட்டியின் நினைவில் திரண்டு வர, அவள் எழுதவேண்டிய கட்டுரைக்கு உதவுகிறான். கவனியுங்கள், மாத்திரை புதிதாக எந்தத் தகவலையும் தரவில்லை. சரக்கு முழுவதும் அவன் சோம்பேறியாகத் திரிந்த காலத்தில் சேர்ந்ததுதான். இன்று பயனில்லாமல் படிக்கிறோமே என்று வருந்துகிறவர்கள் இந்த இடத்தில் தாராளமாக ஆறுதல் அடையலாம்.

பிறகு அறைக்குள் போகிறான். நேராக எழுத உட்காரவில்லை. குப்பையை அள்ளுகிறான், பாத்திரங்களைத் துலக்குகிறான், துணிமணிகளை ஒழுங்குபடுத்துகிறான். அதன் பிறகுதான் கணினி முன் அமர்கிறான். மனச்சோர்வுக்கான சிகிச்சையில் உளவியலாளர்கள் சொல்லித்தருவதும் ஏறக்குறைய இதே வரிசைதான்: ஆர்வம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காதே, சின்ன வேலையைச் செய், ஆர்வம் பின்னால் வரும். பாத்திரம் தேய்க்க என்.இசட்.டி. எதற்கு?

கேள்வி: மூளையில் இருபது சதவீதம்தான் பயன்படுத்துகிறோம் என்று படத்தில் வருகிறதே?

கட்டுக்கதை. தூங்கும்போதுகூட மூளை முழுவதும் இயங்குகிறது. உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை விழுங்குகிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு இவ்வளவு தீனி யாரும் போடமாட்டார்கள்.

கேள்வி: மொடாஃபினில் என்ற மாத்திரைதான் நிஜ என்.இசட்.டி. என்கிறார்கள். தேர்வுக்கு முன் போடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. அது கட்டுப்பாடில்லாமல் தூக்கம் வரும் நோய்க்கு மருத்துவர் எழுதித்தரும் மருந்து. விழித்திருக்க வைக்கும், மேதையாக்காது. தேர்வுக்கு முந்தைய இரவு தூங்குங்கள். படித்தது நினைவில் படிவதில் தூக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

கேள்வி: எட்டி மூன்றே நாளில் பியானோ கற்கிறான். எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ள எத்தனை நாள்? 21 நாள் என்கிறார்களே.

லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற எடுத்த சராசரி காலம் 66 நாள். ஆனால் வித்தியாசம் பெரிது: 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதகமில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஆகவே 22-ஆம் நாள் சலிப்பு வந்தால் உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: முடிவில் எட்டி தண்டனையே இல்லாமல் தப்பிவிடுகிறானே? செனட் தேர்தலுக்கே நிற்கிறான்!

எனக்கும் அந்த முடிவில் உடன்பாடில்லை. ஆனால் நடுவில் வரும் மெலிசாவை மறந்துவிட்டீர்கள். எட்டியின் முன்னாள் மனைவி. அதே மாத்திரையைச் சாப்பிட்டு நிறுத்தியவள். இப்போது பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் மனத்தை ஒரு வேலையில் நிறுத்த முடியாமல் தவிக்கிறாள். எட்டி பங்குச் சந்தையில் போட்ட முதலீடும் கந்துவட்டிக்காரனிடம் வாங்கிய 1 லட்சம் டாலர்தான். இரண்டையும் படம் அவசரமாகத் தாண்டிப்போகிறது.

கேள்வி: சுயமுன்னேற்றத்துக்கு வேறு திரில்லர் ஏதாவது பரிந்துரையுங்களேன்.

‘நைட்கிராலர்’, 2014, டான் கில்ராய் இயக்கியது. விபத்து, குற்றக் காட்சிகளைப் படம்பிடித்துத் தொலைக்காட்சிக்கு விற்கும் நாயகன் லூ புளூம், இணையத்தில் படித்த முன்னேற்ற வாசகங்களை மனப்பாடமாக ஒப்பிப்பான். இலக்கு, விடாமுயற்சி, பேரம் பேசும் திறன் எல்லாம் உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு, நல்ல கோணம் கிடைப்பதற்காக விபத்தில் கிடக்கும் உடலை இழுத்துப்போட்டுப் படமெடுப்பான். ‘லிமிட்லெஸ்’ பார்த்த வாரமே இதையும் பாருங்கள், பாத்திரங்களைத் துலக்கிவிட்டு.